வறண்ட ஓடையில் நனைந்த சின்னான்

அந்தச் சின்னான் நனைந்திருந்தது. நெஞ்சு இறகுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன, வால் நுனியில் ஒரு சொட்டு நின்றது என்று ரசியா பேகம் டீச்சர் தன் நோட்டில் எழுதியிருக்கிறார். போன வருடம் மே மாதம் பத்தொன்பதாம் தேதி, காலை எட்டு மணி பத்து நிமிடம். இடம், துறையூருக்கு வடக்கே கூகைமலையில் ஒரு காட்டோடை.

அந்த ஓடையில் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. மலைக்கு மழை வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்தில் கிணறு கிடையாது, குளம் கிடையாது. விலங்குகளுக்காகக் கட்டிய தண்ணீர்த்தொட்டி ஐந்து கிலோமீட்டர் மேலே இருக்கிறது; அதுவும் அந்த வாரம் காலி. அப்படியானால் அந்தக் குருவி எங்கே போய்க் குளித்தது?

இந்தக் கேள்வி டீச்சரின் தலையில் விழுந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சின்னான் என்பது நம் வீட்டுக் கொடியில் வந்து உட்காரும் கொண்டைக்குருவியின் இனம்தான். ஆனால் அவர் பார்த்தது மஞ்சள்தொண்டைச் சின்னான். பாறையும் முள்ளும் வெயிலுமாகக் கிடக்கும் மலைகளில், அதுவும் எல்லா மலையிலும் இல்லாமல் சிலவற்றில் மட்டும், கண்ணில் படுவது. கூகைமலையில் அதை யாரும் பார்த்ததாகப் பதிவு இல்லை. டீச்சர் பார்த்தது பதினோரு விநாடி. பையிலிருந்து கேமராவை எடுப்பதற்குள் பறந்துவிட்டது. அவர் வழக்கம்போல உட்கார்ந்து, கண்டதை ஒன்று விடாமல் எழுதினார். ஊர் ஊராகப் பறவைப் பதிவு சேர்க்கும் குழு ஒன்று இருக்கிறது; வறட்சி மாதத்தில் மலையோடைகளிலும் எண்ணச் சொல்லும், டீச்சர் அந்த மலைக்குப் போனதும் அதற்குத்தான். அதற்கு அனுப்பினார்.

குழுவில் பதிவுகளைச் சரிபார்ப்பவர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார். படம் இல்லை. இதே மலையில் நிறைய இருக்கும் வெண்புருவச் சின்னானுக்கும் கீழ்ப்பக்கம் மஞ்சள் சாயல் உண்டு, அதைப் பார்த்துத் தடுமாறியிருக்கலாம். இதுவரை சரி. அடுத்த வரிதான் குத்தியது. ஐந்து கிலோமீட்டருக்குள் தண்ணீரே இல்லாத இடத்தில் பறவை நனைந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். குறிப்பில் ஒன்று நடக்க முடியாததாக இருந்தால், மற்றவற்றை எப்படி எடுத்துக்கொள்வது? ஆகவே குடவாசல் பகுதியிலிருந்து நீங்கள் பதினோரு வருடமாக அனுப்பியிருப்பவற்றையும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி வரை நேரம் தருகிறோம்.

டீச்சர் கேமரா வாங்கியே மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முந்தைய எட்டு வருடமும் நோட்டு மட்டும்தான். எங்கள் பக்கத்துக் குளத்தில் நீளவால் இலைக்கோழி குஞ்சு பொரித்தது, எந்த வருடம் எந்த வாய்க்காலில் எத்தனை நத்தைக்குத்தி நாரை இறங்கியது, எல்லாம் அந்த நோட்டின் நாணயத்தில் நிற்கிறது.

நான் செல்லதுரை. குடவாசலுக்குக் கிழக்கே ஒரு வாய்க்காலும் அதில் தண்ணீரைத் தடுத்துத் திருப்பும் ஒரு ரெகுலேட்டரும் ஆறு மதகும் என் பொறுப்பு. சம்பளச் சீட்டில் என் வேலைக்கு வேறு பெயர் போட்டிருக்கிறது. ஊரில் லஸ்கர் என்றால்தான் தெரியும். ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கரையில் நண்டுவளை பார்த்து அடைப்பது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது. டீச்சர் எங்கள் ஊர்ப் பள்ளியில் அறிவியல் எடுப்பவர். ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதக் காலையில் கரைக்கு வந்து, ஷட்டரை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டார். அவர் பெயரில் அங்கே நிலம் இல்லையே, எதற்குக் கேட்கிறார் என்று யோசித்தேன். அவர் விளக்கினார். வெடித்துக் கிடக்கிற வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுழையும்போது வெடிப்புகளிலிருந்து பூச்சியும் தேளும் சிள்வண்டும் அடித்துப் பிடித்து வெளியே வரும். அதைத் தின்பதற்குக் கொக்கும் மைனாவும் தண்ணீரின் தலைக்கு முன்னாலேயே நடந்து போகும். அன்றைக்குத் திறந்துவிட்டுக் கூடவே நடந்தேன். அவர் சொன்னபடியே இருந்தது. பன்னிரண்டு வருடம் தண்ணீர் விட்டவன் நான், அதுவரை அதைக் கவனித்ததில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

இந்த வருடம் கூகைமலைக்கு வனத்துறை எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை அனுமதி கொடுத்தது: மே நாலு, பதினொன்று, இருபத்தைந்து. காலை ஆறிலிருந்து பதினொன்று வரை. தண்ணீர் விஷயம் என்பதால் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். கார் ஓட்ட அவர் கணவர் முபாரக் பாய் வந்தார். வளைகுடாவில் இருபது வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்து குடவாசலில் டயர் கடை வைத்திருக்கிறார். குருவி என்றால் அவருக்கு எல்லாம் ஒரே குருவிதான். சனிக்கிழமை மாலை துறையூர் போய்ச் சேர்ந்து, காலையில் மலையேறுவதாக ஏற்பாடு.

கூகைமலைச் சாலை ஓரிடத்தில் ஓடையைச் சின்னப் பாலம் வழியாகக் கடக்கிறது. பாலத்துக்கு மேல்பக்கம் ஓடை அகலமாக, வெண்மணலும் உருண்டைப் பாறைகளுமாக ஏறிப் போகிறது. ஓரமாக ஒற்றையடிப் பாதை. கீழ்ப்பக்கம் உண்ணிச்செடியும் இண்டமுள்ளும் ஓடையை மூடி, இரண்டு பக்கமும் மலை நெருக்கிக்கொண்டு, சுரங்கம் மாதிரி இருட்டாக இறங்குகிறது. டீச்சர் சின்னானைப் பார்த்த பாறை பாலத்திலிருந்து இருநூறு அடி மேலே, நல்ல வெயிலில் இருந்தது.

எங்களோடு வந்த வனக்காவலர் ஜெக்கரியா, கோடியக்கரையிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆனவர். பூநாரை எத்தனை வந்தது, உப்பளத்தில் எந்தப் பாத்தியில் உள்ளான் இறங்கும் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார். மலை அவருக்கும் புதிது. ஆகவே அந்த ஓடையில் நின்ற நாலு பேரும் தட்டையான தரையில் பிறந்து வளர்ந்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஞாயிறு, அந்தப் பாறைக்கு அடியில் மணலைக் கையால் தோண்டினேன். முழங்கை மறையும் ஆழத்தில் ஈரம் தட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மணலுக்குள் ஈரம் இருக்கிறதென்றால் அது எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து வரும்? மேலேயிருந்து. மேலே ஏதோ ஊற்று இருக்கிறது, போவோம் என்றேன்.

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். பாலத்துக்குக் கீழே ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிடலாமா என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "மேல வறண்டு கெடக்கும்போது கீழ எப்படி டீச்சர் தண்ணி இருக்கும்? தலைமடைக்கே இல்லாத தண்ணி கடைமடைக்கு எங்கேருந்து வரும்? பத்தொம்பது வருஷமா தண்ணி விடுறவன் சொல்றேன், மேல வாங்க."

கடைமடை என்றால் வாய்க்காலின் கடைசி நிலம். எங்கள் ஊரில் எல்லாச் சண்டையும் அதைப் பற்றித்தான். தண்ணீர் மேலே இருப்பவனைத் தாண்டித்தான் கீழே இருப்பவனுக்குப் போகும். மேலே நின்றால் கீழே முதலில் காயும். இது எனக்குப் படித்த பாடம் இல்லை, எலும்பில் ஊறியது. டீச்சருக்கும் ஜெக்கரியாவுக்கும் அப்படித்தான். டீச்சர் மறுபேச்சில்லாமல் என் பின்னால் வந்தார்.

நாலு கிலோமீட்டர் ஏறினோம். கொண்டலாத்தி பார்த்தோம், மாங்குயில் பார்த்தோம், வெண்புருவச் சின்னான் முப்பத்தேழு எண்ணினோம். தண்ணீர் இல்லை. பதினொன்றுக்குள் இறங்க வேண்டும் என்று ஜெக்கரியா நினைவுபடுத்தினார்.

அடுத்த ஞாயிறு, வண்டல் ஆழம் பார்க்க ஆபீசில் வைத்திருக்கும் இரும்புக் கம்பியைக் கொண்டுபோனேன். நாலரை அடி நீளம், நுனியில் பள்ளமாக ஒரு சின்னக் காடி வெட்டியிருக்கும். மணலில் குத்தி இழுத்தால் அந்தக் காடியில் ஒட்டி வருகிற மண் எந்த ஆழத்தில் ஈரம் என்று காட்டிவிடும். கீழே பாறையடியில் ஒன்றேமுக்கால் அடியில் ஈரம். அரைக் கிலோமீட்டர் மேலே மூன்று அடியில். ஒரு கிலோமீட்டர் மேலே கம்பி முழுக்க இறங்கியும் உலர்மணல்தான். எனக்குப் புரியவில்லை. கீழே ஈரம், மேலே வறட்சி என்றால் நடுவில் பக்கவாட்டிலிருந்து வேறு ஓடை சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு கரையிலும் முள்ளை விலக்கி விலக்கித் தேட வைத்தேன். அப்படி ஓடை எதுவும் இல்லை. மணி பத்தே முக்கால்.

காருக்குத் திரும்பியபோது முபாரக் பாய் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே எங்கள் முகத்தைப் பார்த்தார். "கவர்மெண்ட் லஸ்கரையே கூட்டிட்டு வந்தும் தண்ணி கிடைக்கலன்னா, திங்கக்கெழம கலெக்டர்கிட்ட மனு குடுத்துட வேண்டியதுதான்" என்றார். ஜெக்கரியா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

துறையூர் தாண்டும் வரைக்கும் அவர் போன வருட நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தார். பிறகு, என்னிடமா தனக்கேவா என்று தெரியாத குரலில் சொன்னார்: "பறவ கிடைக்காட்டி பரவால்லண்ணே. பார்த்ததத்தான் எழுதியிருக்கேன்னு அவங்க நம்பணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

இரண்டு ஞாயிற்றை நான் தின்றிருந்தேன். மீதி ஒன்று. ஆனாலும், சொல்லப்போனால், எனக்குப் பயமாக இல்லை. தண்ணீர் மாயம் செய்யாது. அது போகிற வழிக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். காரணம் தெரியாதவரை நமக்குத்தான் மாயமாகத் தெரியும். டீச்சர் நனைந்த குருவியைப் பார்த்தார் என்றால் தண்ணீர் இருந்தது. என் கணக்கில்தான் எங்கோ ஓட்டை.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் வாய்க்காலில் தூர் வாரினார்கள். ஜூன் பன்னிரண்டு மேட்டூர் திறப்பு என்றால் அதற்கு முன் மண்ணெடுத்து முடிக்க வேண்டும். பொக்லைன் ஓட்ட வந்தவர் ஃபாஜில் என்று நீடாமங்கலத்துக்காரர், எங்கள் பக்கத்துக்கு முதல் தடவை. வியாழக்கிழமை காலை ரெகுலேட்டருக்கு மேல்பக்கம் வாளியை இறக்கப் போனவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். நாலு கிலோமீட்டருக்கு வாய்க்கால் அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது, ரெகுலேட்டருக்கு அந்தப் பக்கமும் புழுதி, இங்கே மட்டும் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் நிற்கிறதே, யாராவது போர் தண்ணீரைத் திறந்துவிட்டார்களா என்று கேட்டார்.

"இல்ல தம்பி, அது எல்லா வருஷமும் நிக்கும்" என்றேன். "அடியில செவுரு இருக்குல்ல. மணலுக்குள்ள வர்ற தண்ணி அதுல முட்டி மேல ஏறிக்குது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன்.

இது என்னவென்று விளக்குகிறேன். ரெகுலேட்டர் என்றால் வெளியே தெரிவது தூணும் ஷட்டரும்தான். ஆனால் அதன் கான்கிரீட் தரைக்கு அடியில், வாய்க்காலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, பத்தடி ஆழத்துக்கு ஒரு சுவர் மணலுக்குள் இறங்கியிருக்கும். இல்லாவிட்டால் தண்ணீர் தரைக்கு அடியில் புகுந்து மணலை அரித்துக்கொண்டு போய், ஒரு நாள் கட்டடமே உட்கார்ந்துவிடும். கோடையில் மேலே ஓட்டம் நின்ற பிறகும் மணலின் சந்துகளில் தண்ணீர் இருக்கும். அது சும்மா இருக்காது. ஒரு நாளைக்குச் சில அடி வீதம், கண்ணுக்குத் தெரியாமல், சரிவைப் பார்த்துக் கீழே நகரும். அடிச்சுவர் வரைக்கும் வந்து முட்டும். பின்னாலிருந்து வருவதும் சேரச் சேர, போக வழியில்லாமல் மட்டம் உயர்ந்து மணலுக்கு மேலே குட்டையாகத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் வரத்து இல்லாததால் அங்கே தூசி பறக்கும்.

பத்தொன்பது கோடை அந்தக் குட்டையில் முகம் கழுவியிருக்கிறேன். கூகைமலையில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை, ஏனென்றால் அங்கே ரெகுலேட்டர் இல்லை.

கரையிலேயே நின்று டீச்சருக்குப் போன் போட்டேன். நாம் தப்பான பக்கம் நடந்துவிட்டோம், தப்பு என்னுடையது என்றேன். வாய்க்காலில் தண்ணீரை மேலே ஒருவன் திறந்துவிடுகிறான். அவன் மூடினால் கடைமடை முதலில் காயும், தலைமடை கடைசியில். மலையோடைக்குத் திறப்பவனும் இல்லை, மூடுபவனும் இல்லை. மழை நின்றதும் மேட்டில் இருக்கிற மணல் முதலில் வடிந்து காயும்; வடிந்த தண்ணீர் எல்லாம் கீழ் மணலுக்கு வந்து சேரும். அதனால்தான் கம்பி கீழே ஈரமும் மேலே வறட்சியும் காட்டியது. கம்பி சரியாகத்தான் சொன்னது, நான்தான் அதோடு வாதாடினேன். கீழே எங்கேயாவது ஓடைக்குக் குறுக்கே பாறை ஓடியிருந்தால், அதுதான் அங்கே அடிச்சுவர்.

போனில் அவர் வகுப்பில் பேசுகிற குரல் வந்தது.

"அண்ணே, இன்னொண்ணு. நனைஞ்ச பறவையால ரொம்ப தூரம் பறக்க முடியாது. இறகு கனக்கும். அது குளிச்ச எடத்துலயே உக்காந்து காயாம பாறைக்கு வந்திருக்குன்னா, குளிச்ச எடத்துல வெயில் இல்ல. பக்கத்துலயே, நிழல்ல இருக்கு தண்ணி."

பாலத்துக்குக் கீழே இருந்த இருட்டுச் சுரங்கம் எங்கள் இரண்டு பேர் மனதிலும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும். முதல் நாளே கீழே இறங்கிப் பார்க்கலாம் என்று சொன்னது அவர்தான். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், முள் அதிகம் என்றார்.

மூன்றாவது ஞாயிறு டீச்சர் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். தண்ணீர் கிடைத்தால் மட்டும் போதாது. அந்தத் தண்ணீரில் குளிக்கிற பறவை அந்தப் பாறைக்கு வருகிறது என்று காட்ட வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஆகவே முபாரக் பாயைப் பாறைக்கு எதிரே ஒரு மரத்தடியில் பழைய பைனாகுலரும் நோட்டும் கொடுத்து உட்கார வைத்தார். தன் கைக்கடிகாரத்தையும் அவருடையதையும் ஒரே நேரத்துக்கு வைத்தார். எந்தப் பறவை வந்தாலும் நேரம் எழுத வேண்டும், நனைந்திருந்தால் அதையும் எழுத வேண்டும், பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதினால் போதும்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல மொதத் தடவையா என்னை நம்பி ஒரு வேல குடுத்திருக்கா" என்று முபாரக் பாய் என்னிடம் சொன்னார். "தூங்கிட்டா என் பேரு கெட்டுடும். டீ பிளாஸ்க வச்சிட்டுப் போங்க."

நானும் டீச்சரும் ஜெக்கரியாவும் பாலத்தடியில் இறங்கினோம். கம்பியைக் குத்தினேன். ஒன்றரை அடியில் ஈரம். நூறு அடி தள்ளி ஒரு அடியில். அதற்கும் கீழே, ஒரு நீர்மருது மரத்தடியில், முக்கால் அடியில் கம்பி சேறாகவே வந்தது. ஈரம் எங்களைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் நடக்க முடியவில்லை. உண்ணிச்செடி ஓடையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை அடைத்துக்கொண்டு நின்றது. வெட்ட அனுமதி இல்லை. வலது பக்க மலைச்சரிவில் ஏறி, முள்ளைச் சுற்றிக்கொண்டு, கால் மணி நேரம் கழித்துக் கீழே மறுபடியும் ஓடைக்குள் இறங்கினோம்.

கம்பியைக் குத்தினேன். ஒரு அடி, உலர்மணல். இரண்டு அடி, உலர்மணல். மூன்று, நாலு. கைப்பிடி மணலைத் தொட்டது. இழுத்துப் பார்த்தால் காடியில் சர்க்கரை மாதிரிப் பொடிமணல்.

டீச்சர் அதைத் தன் உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். அவர் முகம் இறங்கிவிட்டது. இங்கேயும் இல்லையா என்றார். மணி ஏழே முக்கால்.

அந்தப் பொடிமணலை எனக்கோ நன்றாகத் தெரியும். எங்கள் ரெகுலேட்டருக்கு அந்தப் பக்கம் கிடக்கிற மணல் அது.

"இல்லாம இருக்கிறதுதான் டீச்சர் நல்லது. மரத்தடியில முக்கா அடியில சேறு, இங்க நாலடியிலயும் புழுதி. அப்ப நடுவுல செவுரு இருக்கு. தாண்டி வந்துட்டோம். திரும்பி மேல போகணும், அவ்வளவுதான்."

கீழேயிருந்து பார்த்தபோது முட்புதரில் ஒரு ஓட்டை தெரிந்தது. அதில் மான் குளம்பு நிறையப் பதிந்திருந்தது. ஜெக்கரியா முதலில் குனிந்து நுழைந்தார், அப்புறம் டீச்சர், கடைசியில் நான். நாற்பது அடி தவழ்ந்திருப்போம். ஜெக்கரியா நின்று, பின்னால் கையை நீட்டி எங்களை நிறுத்தினார்.

ஓடைக்குக் குறுக்கே கறுப்புப் பாறை, கரையிலிருந்து கரை வரை, யாரோ நூல் பிடித்துக் கட்டியதுபோல ஓடியது. மற்றப் பாறைகள் எல்லாம் அங்கே பழுப்பு. இது மட்டும் கறுப்பு, அரை ஆள் அகலம். எங்கள் பக்கம் நெஞ்சு உயரம். தொட்டுப் பார்த்தேன், அடிப்பாகம் எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது. டீச்சர் மெல்ல எழுந்து அதன் விளிம்புக்கு மேல் கண்ணை மட்டும் உயர்த்தினார். நான் அவர் பக்கத்தில் எழுந்தேன்.

அந்தப் பக்கம் தண்ணீர் இருந்தது. பாறையை ஒட்டி, இரண்டு கட்டில் அகலத்துக்கு, கணுக்கால் ஆழம். அடியில் மணல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மேலே அத்தியும் முள்ளும் கூரை போட்டிருந்ததால் வெயில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. சாலையில் போகிறவன் நூறு வருடம் நடந்தாலும் பார்க்க மாட்டான்.

பாறையே எங்களுக்கு மறைவாக இருந்தது. மூன்று பேரும் அசையாமல் நின்றோம். பத்து நிமிடம் எதுவும் வரவில்லை. பிறகு வெண்புருவ வாலாட்டி ஒன்று வந்து வாலை ஆட்டிக்கொண்டு கரையோரம் நடந்தது. அது பயப்படாததைப் பார்த்து மற்றவை இறங்கின. இரண்டு தவிட்டுக்குருவி, வெள்ளை வால் தொங்க ஒரு அரசவால் ஈப்பிடிப்பான், வெண்புருவச் சின்னான் ஐந்தாறு. டீச்சர் கேமராவைப் பாறைமேல் ஊன்றி வைத்திருந்தார். அவர் மூச்சு விடுகிறாரா என்று எனக்குச் சந்தேகம்.

எட்டு மணி இருபத்து மூன்றுக்கு அத்திக் கிளையில் வேறொரு சின்னான் வந்து உட்கார்ந்தது. அது இறங்கி வெண்புருவச் சின்னானுக்குப் பக்கத்திலேயே நின்றது, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. மேல்முதுகு சாம்பல், தலை பசுமஞ்சள், தொண்டை மாத்திரம் பூசினாற்போல் பளிச்சென்ற மஞ்சள். தண்ணீருக்குள் நடந்து போய், நெஞ்சை அமுக்கி, இறக்கையால் அடித்துக் குளித்தது. கேமரா விடாமல் சொடுக்கியது. பறவை குளித்து முடித்து, கனமாக எழும்பி, முள்கூரையின் ஓர் இடுக்கு வழியாகப் பாலத்துப் பக்கம் போயிற்று. எட்டு இருபத்தாறு என்று அவர் உதட்டசைவில் சொன்னார், நான் எழுதினேன்.

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் நின்றோம். ஒன்பதரைக்குள் இன்னொன்றும் வந்து குளித்துவிட்டுப் போனது. மேலே ஏறி வந்தபோது முபாரக் பாய் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல் இருந்தார். மூடியில் ஊற்றிய டீ அப்படியே ஆறிக் கிடந்தது. நோட்டை நீட்டினார். எட்டு இருபத்தேழு என்று போட்டு, பக்கத்தில் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: ஒரு குருவி. மஞ்சக் கழுத்து. தொப்பலா நனைஞ்சிருக்கு. தலை துவட்டாம வந்து வெயில்ல உக்காந்திருக்கு. ஒன்பது முப்பத்தொன்றுக்கும் அதேபோல ஒரு வரி.

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். "என்னங்க, ஒரு வார்த்த மாத்தாம இதையே அனுப்பப் போறேன்" என்றார். எழுத்துப்பிழை இருக்கும் என்று முபாரக் பாய் கூச்சப்பட்டார்.

இரண்டு நோட்டுகளின் பக்கங்களையும், படங்களையும், கம்பி காட்டிய ஆழங்களையும் அன்று மாலையே குழுவுக்கு அனுப்பினோம். புதன்கிழமை பதில் வந்தது. இந்த வருடப் பதிவும் போன வருடப் பதிவும் உறுதி செய்யப்பட்டன. குடவாசல் பதிவுகளைத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை, நனைந்த பறவையைப் பற்றிய வரிக்காகத் தாம் வருந்துவதாகச் சரிபார்ப்பவர் எழுதியிருந்தார். கூடவே, வறண்ட ஓடையில் தண்ணீரை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று மற்றக் குழுக்களுக்கு உதவும்படி எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். டீச்சர் அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். நான் எழுதி அனுப்பியது இது:

மழை நின்று வெகுநாளான ஓடையில் மேலே ஏறித் தேடாதீர்கள். மணலில் கம்பியைக் குத்திக்கொண்டே கீழே இறங்குங்கள். ஈரம் படிப்படியாக மேலுக்கு வந்து, பிறகு ஓரிடத்தில் திடீரென்று நாலடி ஆழத்திலும் இல்லாமல் போனால், நீங்கள் குறுக்குப் பாறையைத் தாண்டிவிட்டீர்கள். திரும்பி நடங்கள். பாறையின் மேல்பக்கத்தில், அதை ஒட்டியே, தண்ணீர் இருக்கும்.